பூனை ஏறும் பலகை

கோவில்பட்டி
6-2-83

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தங்கச்சாமி எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வேளைச் சோறு தவறாமல் கிடைக்கிறது. உன் மூட்டு வலி தேவலையா? உப்பளத்திலிருந்து அத்தான் இந்த மாதமாவது வந்துபோனாரா? மருமகள் சந்தனமாரி ஒன்பதாவதில் ஒழுங்காகப் படிக்கிறாளா?

தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றும் வேலையிலிருந்து முதலாளி என்னைத் தன் பங்களாவுக்கு மாற்றிவிட்டார். பங்களாவுக்குப் பின்னால் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள். குளம் என்றதும் நம்ம ஊர்க் கண்மாயை நினைக்காதே. நீல ஓடு பதித்த பெரிய தொட்டி, அவ்வளவுதான். அதில் யாரும் நீந்தி நான் பார்க்கவில்லை. சாயங்காலம் முதலாளி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்குக் காட்டுகிறார்.

என் வேலை பூனை பார்ப்பது. சிரிக்காதே. முதலாளியம்மா கொடைக்கானலிலிருந்து நாலு வெள்ளைப் பூனைகள் வாங்கிவந்தார்கள். இப்போது மூன்றுதான் இருக்கின்றன: டெய்சி, லில்லி, ராஜா. நாலாவது தொட்டியில் விழுந்து செத்தது. பூனைக்கு நீந்தத் தெரியும் அக்கா. விழுந்ததும் காலை அடித்து ஓரத்துக்கு வந்துவிடும். ஆனால் ஓடு வழவழப்பு, நகம் பிடிக்காது. சுற்றிச் சுற்றி வந்து, ஏற இடமில்லாமல், களைத்துத்தான் சாகிறது. தோட்டக்காரர் வெயிலுமுத்து அண்ணாச்சி என்னிடம் சொன்னார்: "தண்ணி கொல்லலைலே தம்பி. செவருதான் கொன்னுச்சு."

அதனால் ஒரு நாள்கூடப் பூனைகளை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவு. ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுகிறானே என்று வையாதே. லீவு கேட்டால் வேலை போய்விடும்.

பதிலை எதிர்பார்க்கும்
தம்பி தங்கச்சாமி


சின்னப்பொட்டல்
பசுவந்தனை வழி
20-2-83

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா வேலுத்தாய் சொல்லச் சொல்லச் சந்தனமாரி எழுதுவது. கடிதம் வந்து சேர்ந்தது. நீ சாப்பிடுகிறாய் என்று தெரிந்ததே போதும். என் மூட்டு வலி என்னோடுதான் போகும். அத்தான் தைப் பொங்கலுக்கு வந்தவர்தான், அப்புறம் வரவில்லை.

நம்ம தெருக் கிணறு தையிலேயே வற்றிவிட்டது. ஊர் முதலாளி வன்னியபெருமாள் தன் தோட்டத்துக் கிணற்றில் நம்மை இறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். இதுவரை நம்ம தெரு ஆட்கள் அந்த வேலிக்குள் கால் வைத்ததில்லை. பெரிய மனசு என்று ஊரே பேசுகிறது. ஆனால் ஒரு கட்டுப்பாடு. வடபக்கம் மட்டும்தான் நமக்கு, தென்பக்கம் அவர்களுக்கு. தென்பக்கத்துப் படிக்கல் அடிவரைக்கும் போகும். வடபக்கத்துப் படிக்கல் பாதிக் கிணற்றோடு நின்றுவிடும். இப்போதைக்குத் தண்ணீர் மேலே கிடப்பதால் கஷ்டமில்லை.

விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து தெருப் பிள்ளைகளையெல்லாம் தூக்கத்தோடு ஏற்றிப்போகிறது. என் பிள்ளையை மட்டும் நான் ஏற்றவில்லை. பத்தாவது முடிக்கட்டும். அதற்கு மேல் அவள் பாடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா வேலுத்தாய்

மாமா, இது நான். அம்மா "ஏலே" என்று சொன்ன இடத்திலெல்லாம் "தம்பி" என்று திருத்தி எழுதியிருக்கிறேன். வைததையும் விட்டுவிட்டேன். வடபக்கத்தில் பதினாலு படிக்கல் வெளியே தெரிகிறது. தினமும் எண்ணுகிறேன். டெய்சி என்ன சாப்பிடும்? - சந்தனமாரி


கோவில்பட்டி
13-3-83

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌகரியம். முழங்கையெல்லாம் கீறல், அது வேறு கதை. மருமகளிடம் சொல்லு, டெய்சி அவித்த மீன் சாப்பிடும், முள் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பூனைகளுக்குப் பலகை செய்துவிட்டேன். பழைய கதவுப் பலகை, ஏழடி நீளம். நகம் பிடிக்கக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி ஆணி அடித்தேன். மேல் முனையைக் கரையில் கம்பியால் கட்டி, கீழ் முனையைத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறேன். கட்டினால் மட்டும் போதாது. அது அங்கே இருப்பது பூனைக்குத் தெரிய வேண்டும். அதனால் தினமும் வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்கி, வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துப் பலகைவரை கூட்டிப்போகிறேன். டெய்சி மூன்றே நாளில் படித்துக்கொண்டது. ராஜாதான் மக்கு. கீறல் அவன் உபயம்.

இன்னொரு சந்தோஷம். இந்தப் பஞ்சத்தில் நீச்சல் குளம் நிரப்பக் கூடாது என்று ஒரு அதிகாரி வந்து நின்றார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஏலே, ஒனக்குக் கையெழுத்து நல்லா இருக்குமாமே. தண்ணி கொறஞ்சா பூனைக்கு ஆபத்துன்னு மனு ஒண்ணு எழுது. பலகை இருக்குங்கத எழுதாத" என்றார். எழுதினேன். 'நீர் விளிம்பிலிருந்து ஒரு சாண் இறங்கினாலும் இந்த வாயில்லா ஜீவன்கள் கரையேற வழியின்றி மாண்டுபோகும்' என்று ஒரு வரி வைத்தேன். அதிகாரி இரண்டு தடவை வாசித்தார். "எவம்யா எழுதுனது? மணிமணியா இருக்கு" என்றார். லாரித் தண்ணீருக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஃபெயிலான கை அக்கா இது.

உன் கையால் ஒரு வாய் கூழ் குடிக்க ஆசைப்படும்
தம்பி தங்கச்சாமி


சின்னப்பொட்டல்
3-4-83

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சொல்லச் சந்தனமாரி எழுதுவது. நாங்கள் இருக்கிறோம். உன் கீறலுக்கு மஞ்சள் பூசு.

வன்னியபெருமாள் கிணற்றுக்கு ஒரு வாரமாக லாரி வருகிறது. முன்பக்கம் கண்ணாடிக்கு மேலே மயில் வரைந்த லாரி. மயிலின் ஒரு கண் அழிந்துபோயிருக்கிறது. இன்ஜின் வைத்துத் தென்பக்கத்து அடியில் இருக்கிற ஆழக் குழிக்குள் குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள். நாங்கள் குடத்தோடு நின்று பார்க்கிறோம். டிரைவர் பூவனலிங்கம் என்பவரை மறித்துக் கேட்டேன். "அண்ணாச்சி, குடிக்கத் தண்ணியில்லாம நிக்கோம். எங்க கொண்டுபோறீய?" அவர் சொன்னார்: "ஒங்க ஊர் மொதலாளி குடுக்காரு, எங்க ஊர் மொதலாளி வாங்குதாரு. நடுவுல நான் ஸ்டீரிங்கப் புடிக்கவன் தாயி. என்னையப் போட்டு வறுக்காதீய."

வன்னியபெருமாளிடம் நாலு பேர் போனோம். "வேலிக்குள்ள விட்டதுக்குக் கும்புடு போடாம கேள்வியா கேக்கீய?" என்றார். திரும்பி வந்துவிட்டோம்.

கிணற்றை ஒட்டி நிற்கும் வேம்பு பூத்துக் கொட்டுகிறது. மிச்சமிருக்கிற தண்ணீரெல்லாம் பூ. வடிகட்டினாலும் கசக்கிறது. லாரி கோவில்பட்டிக்குத்தான் போகிறதாம். நீ பார்த்தாயா?

அக்கா வேலுத்தாய்

மாமா, இப்போது இருபத்து மூன்று கல். ராஜா பாஸாகிவிட்டானா? - சந்தனமாரி


கோவில்பட்டி
24-4-83

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே வெயில் அதிகம். மற்றபடி குறையில்லை.

மயில் படம் போட்ட லாரி எதையும் நான் இங்கே பார்த்ததில்லை. கோவில்பட்டியில் எத்தனையோ லாரி ஓடுகிறது. எத்தனையோ ஹோட்டல், எத்தனையோ ஆபீஸ். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

ராஜாவும் பலகைக்குப் பழகிவிட்டான். கண்ணைக் கட்டித் தொட்டியில் விட்டாலும் இனி மூன்றும் ஏறிவிடும். வேறு எழுத ஒன்றுமில்லை.

மருமகளுக்கு ஒரு மை பேனா வாங்கி, பசுவந்தனை வரும் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். பத்தாவதுக்கு அதில் எழுதட்டும். அவளைக் கிணற்றில் இறக்காதே. கல் எண்ணவும் போக வேண்டாம் என்று சொல்லு.

தம்பி தங்கச்சாமி


சின்னப்பொட்டல்
8-5-83

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா சொல்லச் சந்தனமாரி எழுதுவது. பேனா வந்தது. இந்தக் கடிதம் அதில்தான். வகுப்பில் இரண்டாவதாகத் தேறிப் பத்தாவதுக்குப் போகிறாள். பஸ்ஸில் ஏற்றாதது வீண்போகவில்லை.

வடபக்கத்துப் படிக்கல் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசிக் கல்லுக்குக் கீழே வெறும் பாறை, வெடி வைத்து உடைத்தது. வாளியை இறக்கினால் பாறையில் இடிக்கிறது, தண்ணீர் ஏறவில்லை. சாயங்காலம் லாரி உறிஞ்சிவிட்டுப் போனால் மறுநாள் காலை அந்தக் குழியில் மட்டும் ஓர் ஆள் ஆழத்துக்கு ஊறிக் கிடக்கிறது. கனமில்லாத ஆள் ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் சறுக்கி இறங்கி, தேங்காய்ச் சிரட்டையால் கோரி வாளியில் ஊற்ற வேண்டும். எனக்கு மூட்டு மடங்கவில்லை. இவள்தான் இறங்குகிறாள். இறக்காதே என்று எழுதியிருந்தாய். வேறு யார் இறங்குவது என்று எழுதவில்லை.

அத்தானுக்கு உப்பில் கால் வெடித்து ரத்தம் வருகிறதாம். வேறு விசேஷமில்லை.

அக்கா வேலுத்தாய்

மாமா, இது அம்மாவுக்குத் தெரியாமல் மடிப்பு ஓரத்தில் எழுதுவது. பூவனலிங்கம் அண்ணாச்சியிடம் நானே கேட்டுவிட்டேன், எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று. "ஒரு பங்களாவுக்கும்மா. அங்கன நீச்சல் குளம் இருக்கு. தண்ணி கொறஞ்சா பூனை ஏற முடியாமச் செத்துருமாம். மனுவே எழுதிக் குடுத்திருக்காவ" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க மாமாவும் பூனைக்குத்தான் காவல் இருக்காவ. ஏழடிப் பலகையில கயிறு சுத்திக் கட்டியிருக்காவ. தண்ணி எவ்வளவு எறங்குனாலும் பூனை ஏறிருமாம். அந்த வீட்டுக்காரவியளுக்கு எங்க மாமா தங்கச்சாமி பேரைச் சொல்லுங்க. செஞ்சு குடுப்பாவ" என்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். கையிலிருந்த பீடி அணைந்துவிட்டது. அவர்கள் தேடி வந்தால் செய்து கொடுப்பீர்கள்தானே மாமா? அதே மாதிரி ஒன்று நம்ம கிணற்றிலும் கட்டினால் கடைசிக் கல்லிலிருந்து இறங்கி ஏறச் சுளுவாக இருக்கும். எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். - ச.


கோவில்பட்டி
12-6-83

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முதலாளியிடம் ஒரு வார்த்தை பேசத் தைரியம் வர அவ்வளவு நாளாயிற்று.

போன வாரம் பேசினேன். "மொதலாளி, மூணு பூனையும் பலகைக்குப் பழகிட்டு. தண்ணி நாலடி எறங்குனாலும் ஏறி வந்துரும். லாரி வேண்டாம்" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார். "ஏலே, பூனைக்காலே நான் தண்ணி ஊத்துதேன்? ஆவணியில எம்பொண்ணு கல்யாணம். சம்பந்தக்காரவிய வரும்போது தொட்டி காஞ்சு கெடக்கவா?" என்றார். "மனு எழுதுனது நீ. பொய்யின்னு நீயே போய்ச் சொல்லு. ஒன்னையத்தான் புடிச்சு உள்ள வைப்பான்" என்றார். பூனைகளுக்கு மீன் அவிக்கிற நேரம் ஆகிவிட்டது, வந்துவிட்டேன்.

உங்கள் கிணற்றுக்கு ஏழடிப் பலகை போதாது. கடைசிக் கல்லிலிருந்து பாறை அடிவரைக்கும் கயிறு விட்டு அளந்து எழுது. வேப்பம் பலகை வேண்டாம், கனம். பழைய கதவு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். குறுக்கே சட்டம் அடித்து, கயிறு சுற்றி நானே செய்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். அது வரும்வரை பிள்ளையை இறக்காதே. இந்த ஒரு தடவை என் பேச்சைக் கேள்.

தம்பி தங்கச்சாமி


சின்னப்பொட்டல்
3-7-83

தம்பிக்கு

அக்கா எழுதுதது. எழுத்துக் கோணலாத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் அஞ்சாப்போட விட்டது. இது அவ பேனா.

இங்கன இருக்கோம். அத்தான் வந்து இருந்துட்டுப் போயிட்டாரு. லாரி இப்ப வரல. கெணத்துக்கு யாரும் போகல. பலக வேண்டாம்.

வேலுத்தாய்


கோவில்பட்டி
10-7-83

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வாசிக்க அதில் அவ்வளவு இல்லை.

மருமகள் எழுதாமல் நீ ஏன் எழுதினாய்? பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகிறது. பத்தாவதில் சேர்த்தாயா? தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, எனக்குச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறாயா? அப்படியென்றால் நான் கோபப்பட மாட்டேன். சத்தியமாகக் கோபப்பட மாட்டேன். அதுதான் என்று ஒரு வரி எழுது.

இங்கே லாரி மாறிவிட்டது. புது டிரைவர் விளாத்திகுளம் பக்கமிருந்து கொண்டுவருகிறான். உப்புத் தண்ணீர், பூனைகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன. பழைய டிரைவர் எங்கே என்று கேட்டேன். "அந்தக் கெணத்துக்கு இனி போவ மாட்டேன்னு சாவியக் குடுத்துட்டுப் போயிட்டாரு" என்றான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒமக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

நான் வரட்டுமா? வேலை போனால் போகட்டும். பதில் அட்டையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன்.

தம்பி தங்கச்சாமி


சின்னப்பொட்டல்
31-7-83

தம்பிக்கு

வராத. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வெகு நாளாச்சு.

ஆனி மொத வெள்ளிக்கெழம. கயிறு எட்டலன்னு இடுப்புல இருந்து அவுத்துட்டுக் குழிப்பக்கம் போயிருக்கா. பாற வழுக்கிக் குழித்தண்ணிக்குள்ள விழுந்துட்டா. அவளுக்கு நீஞ்சத் தெரியும். கம்மாயில பழகினவ. சுத்திச் சுத்தித்தான் வந்தா. புடிக்க எடமில்ல. மேல நின்னு பாத்தோம். தென்பக்கத்துப் படி வழியா எறங்கியிருந்தா எட்டிப் புடிச்சிருக்கலாம். அந்தப் பக்கம் போகலாமான்னு நின்னுட்டோம். பத்துப் பொம்பளைய நின்னோம். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தோம். நான் பெத்தவ. நானும் நின்னேன். அப்புறந்தான் ஓடுனோம்.

பலக எழுதின ஒன் லெட்டர் அவளத் தூக்குன அன்னைக்கு வந்துச்சு.

ஒனக்குச் சொல்ல ஆள் இருந்துச்சு. பூவனலிங்கம் லாரியப் போட்டுட்டு வந்து நின்னான். நான் போயி மாமனக் கூட்டியாரேன்னான். மாமன் எந்த வீட்ல இருக்கான்னும் சொன்னான். நாந்தான் வேண்டாம்னேன். தாய்மாமன் போத்துற கோடித்துணி இல்லாமத்தான் போனா. சடங்குக்கு நீ எடுத்த தாவணியவே கோடின்னு போத்திவிட்டேன்.

ஒண்ணு மட்டும் செய்யி. அத்தான் அவ பள்ளிக்கூட நோட்டு எல்லாத்தையும் கூடவே பொதச்ச குழிக்குள்ள வச்சுட்டாரு. அவ எழுத்து இங்க ஒண்ணும் இல்ல. நான் சொல்லி அவ எழுதின லெட்டர் மூணு ஒங்கிட்ட இருக்கும். அதத் திருப்பி அனுப்பு.

வேலுத்தாய்


கோவில்பட்டி
7-8-83

அக்காவுக்கு,

மூன்று கடிதங்களும் இந்தக் கவரில் இருக்கின்றன. பிப்ரவரியில் வந்தது மடிப்பில் கிழிந்துவிட்டது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன், மெதுவாகப் பிரி.

மே மாதக் கடிதத்தின் ஓரத்தில் உனக்குத் தெரியாமல் எனக்கு எழுதியிருக்கிறாள். அந்த ஓரத்தை வெட்டிவிட்டு அனுப்பக் கத்தரிக்கோல் எடுத்தேன். அவள் எழுத்து. வெட்டவில்லை. எழுத்துக்கூட்டி நீயே வாசி, வேறு யாரிடமும் கொடுக்காதே.

பூவனலிங்கம் சொன்ன வீடு இதுதான். மனு எழுதிய கை இந்தக் கைதான். பலகை இருப்பதை எழுதாமல் விட்டதும் இதுதான். மயில் லாரியைப் பார்த்ததில்லை என்று எழுதினேனே, அன்று காலை அது பின்வாசலில் தண்ணீர் இறக்கிவிட்டுப் போயிருந்தது. நான் வலை போட்டு வேப்பம்பூ அரித்துக்கொண்டிருந்தேன். இந்த பங்களாவில் வேப்பமரம் கிடையாது.

நேற்று சம்பந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது ராஜா கால் தவறித் தொட்டியில் விழுந்தது. நான் அசையவில்லை. தானாக நீந்திப் பலகைக்கு வந்து, ஏறி, உடம்பை உதறிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். முதலாளி என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

நீ வரச் சொல்லாமல் வர மாட்டேன். சுகம் விசாரித்துக் கடிதத்தை முடிப்பது வழக்கம். உன்னிடம் அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

இங்கே பூனைகள் மூன்றும் சுகம்.

தங்கச்சாமி